வேட்டியப் புடிச்சி இழுக்கற மச்சான்

வாடா பேராண்டி, குந்து. தாதுவப் பிரிக்கப் பசுமை மருந்து கண்டுபுடிக்கப் போறியாமே? உங்கம்மா வடக்குத்து பூரா சொல்லி வச்சிருக்கா. முந்திரித் தோப்புல கொட்ட பொறுக்கறவங்க கூட விசாரிக்கறாங்க.

நம்மூரு பழுப்புக்கரிக்கு அந்தச் சோலியே கெடையாது. 1957ல நேரு வந்து தொடங்கி வச்ச சுரங்கம். வெட்டுறான், கொதிகலன்ல கொட்டுறான். சிவகங்கயில கிராஃபைட்டுக்குத்தான் நுரை வேல. கல்ல மாவா அரச்சி, தண்ணில கலக்கி, காத்த வுட்டா குமிழி கெளம்பும். அத பண்ருட்டி பஸ்ஸுன்னு வையி. வேண்டியது ஏறணும், வேண்டாததும் முண்டியடிக்கும். அதோட வேட்டியப் புடிச்சி எறக்கற மச்சான்தான் உன் மருந்து. துகள் மேல தண்ணி ஒட்டற தோலு ஒண்ணப் போத்திடும். குமிழிக்குப் புடி கெடைக்காது.

1922ல அமெரிக்கால ஷெரிடன், கிரிஸ்வோல்டுன்னு ரெண்டு பேரு இந்த வேலைக்கு சயனைடக் கொண்டாந்து காப்புரிமை வாங்கினாங்க. துத்தநாகம் அடங்கிச்சி, ஈயம் மேல வந்துச்சி. அப்பறம் மயில்துத்தத்தப் போட்டு துத்தநாகத்த எழுப்பிக்கலாம். கெட்டிக்காரத்தனந்தான், மீனுக்குத்தான் ஆவல.

பசுமை மச்சான்னு உங்காளுங்க கொண்டாற சாமானப் பாத்தா சிரிப்பு வருதுடா. பிரேசில்ல மக்காச்சோள மாவ காரச்சோடா போட்டுக் களியாக்கி ஊத்தறான். இரும்பு அடில தங்கிடுது, மணலு நுரைல போயிடுது. டால்க்க அமுக்க குவார் கோந்தாம். என்னடா சீமச் சரக்குன்னு கேட்டா, நம்ம கொத்தவரங்கா வெத! ஆயா பொரியல் வச்சா தட்டத் தள்ளிட்டு ஓடினவன், இப்ப அதுக்குப் பட்டம் வாங்கப் போறியா? நம்ம பழுப்புக்கரிலேந்து எடுக்கற ஹியூமிக் அமிலத்தயும் இரும்புத் தாதுல சோதிச்சிருக்காங்களாம். காலடில கெடக்கறதத் தேடி எங்கெங்கயோ போறீங்க.

துள்ளாத, இன்னும் முடிக்கல. கஞ்சி ஊத்திட்டா ஆல சுத்தமாயிடுமா? கஞ்சித்தண்ணி குட்டையில தேங்கினா புளிச்சி, தண்ணில இருக்கற மூச்சுக்காத்தெல்லாம் தின்னுடும். மச்சானுக்குப் பச்சத்துண்டு போத்திட்டு, வேண்டியத பஸ்ஸுல ஏத்திவுடற சாந்தேட்டு மருந்த மட்டும் ஏன்டா மறைக்கற? மீனுக்கு அதுவும் ஆவாதுல்ல?

சேலத்து மரவள்ளி மாவு ஒரு மூட்ட வாங்கிட்டுப் போ. காரச்சோடா செலவயும் சேத்துக் கணக்குப் போடு. வடிதண்ணில நாலு கெண்டக்குஞ்ச வுட்டுப் பாத்துட்டு அப்பறமா பசுமைன்னு எழுது. மீதி மாவ ஆயாகிட்ட குடு, வடாம் ஊத்துவா.