குடை விரித்த கதை

1965 ஏப்ரலில் சோவியத் செய்தி நிறுவனமான டாஸ் ஒரு புரளியைக் கிளப்பியது. சிடிஏ-102 என்ற இடத்திலிருந்து வரும் ரேடியோ அலை ஏறி ஏறி இறங்குகிறதாம்; வேற்றுலகத்தார் கூப்பிடுகிறார்களாம். இந்த ஆசைக்கு முதலில் எண்ணெய் ஊற்றியவர் சோவியத் வானியலாளர் நிக்கோலாய் கர்தஷேவ். கடைசியில் பார்த்தால் யாரும் கூப்பிடவில்லை. அது ஒரு குவேசார்: நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை கண்டதையும் விழுங்கிக் கொதிக்கும் தூரத்து விண்மீன் மண்டலம்.

மனுஷன் அசரவில்லை. அதே ஆண்டு இரண்டு சகாக்களோடு சேர்ந்து ஒரு யோசனையை அச்சிலேற்றினார். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஆன்டெனாக்கள் தனித்தனியே பதிவு செய்யட்டும். அணுக்கடிகார நேரத்தை வைத்துப் பிறகு இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். இடைவெளி எவ்வளவோ, அவ்வளவு பெரிய தொலைநோக்கியின் கூர்மை கிடைக்கும். பூமியின் குறுக்களவோ சுமார் 12,700 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் வேண்டுமானால் வானத்தில்தான் இடம் பிடிக்க வேண்டும்.

பிடித்தார்கள். 1979 ஜூலை 18 அன்று சல்யூட்-6 விண்நிலையத்தின் பின்வாசல் வழியாக 10 மீட்டர் ஆன்டெனா ஒன்று குடைபோல விரிந்தது. விரிந்தது சரி, விடைபெற மறுத்துவிட்டது. ஆகஸ்டில் கழற்றிவிட்டபோது நிலையத்தின் பின்புறத்தில் சிக்கித் தொங்கியது. சரக்குக் கப்பல் வந்து சேரும் வாசலே அடைபட்டது. நிலையத்தையே உலுக்கிப் பார்த்தார்கள், பயனில்லை. நிலையத்திலிருந்த விண்வெளி வீரர்கள் லியாகோவும் ரியூமினும் ஊர் திரும்ப நான்கு நாள்தான் பாக்கி. ஆறு மாதமாக மிதந்து கால் துவண்டிருந்த அந்த நிலையில், ரியூமின் வெளியே ஊர்ந்துபோய்க் கேபிளை வெட்டி, சனியனைத் தள்ளிவிட்டு வந்தார். ரேடியோ வானியலில் இதைவிட உருப்படியான கட்டிங் பிளேயர் வேலை நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1997இல் ஜப்பானின் ஹாருகா செயற்கைக்கோள் தன் 8 மீட்டர் ஆன்டெனா வலையை ஒழுங்காக விரித்தது. ஆனால் 22 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் செவிடாகிப்போனது. ராக்கெட்டின் குலுக்கலைத்தான் கைகாட்டினார்கள். மற்ற இரண்டு அலைவரிசைகளை வைத்து ஒப்பேற்றினார்கள்.

கர்தஷேவ் மட்டும் காத்திருந்தார். சோவியத் யூனியனே காலியானது. அவருடைய ரேடியோஅஸ்ட்ரான் விண்வெளித் தொலைநோக்கித் திட்டம் காலியாகவில்லை. 2011இல், அதே ஜூலை 18, பைக்கனூரிலிருந்து ஏறியது. அதன் ஆன்டெனாவுக்கு 27 கார்பன் இதழ்கள். விரி என்றால் முழுசாக விரியாமல் அடம். சூரியன் பக்கம் திருப்பி வெயில் காட்டிய பிறகுதான் மறுநாள் பூட்டிக்கொண்டன.

அப்புறம் ஆட்டம் வேறு. சுமார் 3,50,000 கிலோமீட்டர் தூரம்வரை போய்வந்து, தரையிலுள்ள பெரிய ஆன்டெனாக்களோடு கூட்டுச் சேர்ந்து 3சி 273 என்ற குவேசாரைப் பார்த்தது. குவேசாரிலிருந்து பீறிடும் ஜெட்டின் பிரகாச வெப்பநிலை (ரேடியோ பிரகாசத்தை வைத்துக் கணிக்கும் வெப்பநிலை) ஒரு லட்சம் கோடி கெல்வினைத் தாண்டி நிலைக்காது, எலெக்ட்ரான்கள் எக்ஸ்கதிர் கக்கியே ஆறிவிடும் என்பது தியரிக்காரர்களின் கணக்கு. வந்த அளவோ பத்து லட்சம் கோடிக்கும் மேல். ஜெட் நம்மை நோக்கிப் பாய்வதால் கூடுதலாகத் தெரிகிறது என்று சமாதானம் சொல்லியும் கணக்கு நேராகவில்லை.

2019 ஜனவரியில் ரேடியோஅஸ்ட்ரான் கட்டளைகளைக் காதில் வாங்குவதை நிறுத்தியது. அப்போதும் தன் பாட்டுக்குச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. ஐந்து வருஷத்துக்கென்று ஏவியது, உழைத்தது ஏழரை வருஷம். அந்த ஏழரை பிடித்தது தியரிக்காரர்களை.