பவளத்தின் குடித்தனக்காரர்

கேள்வி: பவளப்பாறை கல்லா, செடியா, பிராணியா? ஒரே குழப்பம்!

பதில்: பிராணிதான். கல், அது தனக்குக் கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடு. செடிக்குணம் மட்டும் அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. வெயிலில் சர்க்கரை சமைத்து, பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே வாடகையாகக் கொடுத்துவிடும் தங்கமான குடித்தனக்காரர்! ஆனால் கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும். வீட்டுக்காரர் பாசியை வெளியே தள்ளிவிடுவார். நிறம் போகும், கூடவே சாப்பாடும் போகும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளங்கள் இப்படித்தான் வெளுத்தன. உடனே செத்துவிடாது, நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பவும் குடியேறும்.

சூடு தணியும். கடப்பாரை தணியுமா? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டு பவளத்தை வெட்டி எடுத்தோம். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்கடியில்.

கேள்வி: கடலுக்குள் புல்வெளி உண்டாமே? மேய மாடு எங்கே?

பதில்: உண்டு. பாசியல்ல, வேர் விட்டு, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் அசல் தாவரம். மேய ஆவுளியா என்னும் கடற்பசு இருக்கிறது. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும்; பால் கறக்க மட்டும் யாரும் கிட்டே போக முடியாது. இந்த ஆவுளியாவுக்காகவே 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு காப்பகமாக்கியது. ஊரில் மேய்ச்சல் புறம்போக்கெல்லாம் வீட்டுமனையாகிற காலத்தில் கடலுக்குள்ளாவது ஒன்று மிஞ்சியதே!