ஆப்பியல்: ஓவியத்தின் முதுகு பற்றிய ஓர் ஆய்வேடு

ஓவியத்தின் முகத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதன் முதுகைப் பற்றி எழுத ஆளில்லை. கலை வரலாற்றில் நேர்ந்துவிட்ட இந்தப் பெரும் ஓட்டையை அடைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் ஆய்வு எல்லை. மோனலிசா இதற்குள் வரமாட்டாள். அவள் பாப்ளர் மரப் பலகையில் தீட்டப்பட்டவள். அவளுக்கு ஆப்பு கிடையாது. தஞ்சாவூர் ஓவியங்களையும் இதே காரணத்துக்காக மரியாதையுடன் விலக்கிவிடலாம். பலகையில் துணியை ஒட்டி, சுண்ணம் பூசி, அதன்மேல் உட்கார வைத்த கிருஷ்ணன் ஐப்பசி மழையானாலும் அக்னி நட்சத்திரமானாலும் தொய்வதில்லை. கொழுகொழுவென்று இருந்தும் தொய்வதில்லை. எனவே ஆய்வாளனுக்கு அவனால் பயனில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ், அதன் பின்னால் மூலைக்கு இரண்டாக உட்கார்ந்திருக்கும் எட்டு மர ஆப்புகள், இவையே முதன்மை ஆதாரங்கள். ஓவியமே துணைமை ஆதாரம்.

முன்னோர் ஆய்வுகளையும் பார்த்துவிடுவோம். ஆப்பைப் பற்றிய முதல் களஆய்வை நடத்தியது பஞ்சதந்திரக் குரங்கு. பிளந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து, ஆப்பைப் பிடுங்கி, முடிவுகளை உடலாலேயே பதிவுசெய்தது. அதன் ஆய்வுமுறையில் குறைகள் உண்டு என்றாலும், ஆப்பு சும்மா இருக்கும் பொருளல்ல என்ற அதன் அடிப்படைக் கண்டுபிடிப்பை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். கேன்வாஸை இழுத்துக் கட்டும் சட்டங்களில் இரண்டு சாதி. ஒன்றில் நான்கு மூலையும் பசை போட்டு, ஆணி அடித்து, அசையாமல் நிற்கும். மற்றதில் மூலைக்குப் பசையே கிடையாது. கூரும் துளையுமாகச் செருகி, உட்பக்கத்தில் ஆப்பு நுழைய இடைவெளி விட்டிருப்பார்கள். ஆப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கட்டை மயிரிழை அளவு வெளியே தள்ளும், மூலை விரியும், தொய்ந்த துணி விறைக்கும். ஓவியர்கள் ஸ்ட்ரெச்சர் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். ஐரோப்பாவில் இது வழக்கத்துக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதாவது டிஷியனும் வெலாஸ்கெஸும் ரெம்பிராண்டும் ஆப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் ஓவியம் தீட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய சாதனையை இந்தக் கோணத்தில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும்.

துணி ஏன் தொய்கிறது என்ற கேள்வியில்தான் இத்துறையின் உண்மையான ஆழம் இருக்கிறது. பழைய முறைப்படி துணிக்கு முதலில் பூசுவது முயல்தோலில் காய்ச்சிய பசை. காற்று வறண்டால் இந்தப் பசை சுருங்கித் துணியை இழுக்கும். ஈரம் ஏறினால் இளகி விட்டுக்கொடுக்கும், துணி தொய்யும். ஈரம் அதற்கும் மேலே ஏறினால் லினன் நூல் ஊதிப் பருத்து, நெசவு குறுகி, துணி மறுபடி சுருங்கத் தொடங்கும். தொய்ந்ததும் ஈரத்தால், விறைத்ததும் ஈரத்தால். நம் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக் குதிரைப் படம் மாட்டியிருந்தால், அது உண்மையில் ஒரு மந்தமான ஈரமானி. குதிரை அதன் உபரி. சுவரோவியம் தாக்குப்பிடிக்காத வெனிஸின் ஈரக்காற்றுக்குப் பயந்துதான், பாய்மரத் துணி தாராளமாகக் கிடைத்த அந்த ஊர் ஓவியர்கள் கேன்வாஸுக்கு மாறினார்கள் என்பது வரலாறு. சுவரிலிருந்து தப்பித்த ஈரம் துணியில் வந்து பிடித்துக்கொண்டது.

இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: தச்சுத் தொழிலில் இணைப்பு அசையாதிருந்தால் வெற்றி, இந்த ஒரு பொருளில் மட்டும் அசையாவிட்டால் தோல்வி. கருதுகோளைச் சோதிக்கச் சென்னையில் ஓர் ஆசாரியிடம் நிகழ்த்திய நேர்காணல் கீழே.

“மூலைக்கு ஃபெவிகால் வேண்டாம் ஆசாரியாரே.”

“போடாம எப்படி சார் நிக்கும்?”

“நிக்க வேண்டாம். தட்டினா நகரணும்.”

“நகர்ற மாதிரி செய்யறதுக்கு எங்கிட்ட எதுக்கு சார் வந்தீங்க?”

சட்டம் சொன்ன நாளில் வந்தது. நான்கு மூலையிலும் பசை பளபளத்தது. தகவலாளர் தம் தொழில் தர்மத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதால் சோதனை கருதுகோளை நிரூபித்ததா, உடைத்ததா என்பதில் நெறியாளருக்கும் ஆய்வாளனுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

சட்டம் செய்யும் முறையை இங்கே சற்று நின்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆப்பின் பெருமையைச் சிதைப்பது பெரும்பாலும் மோசமான கட்டைதான். நேரான ரேகையுள்ள, முடிச்சில்லாத, நன்றாக உலர்ந்த மரம் வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் ஒரே கோடையில் முறுக்கிக்கொண்டு, படத்தின் ஒரு மூலை சுவரை விட்டு விருந்தாளியைப் பார்க்கும். கட்டையின் துணி படும் முகத்தை, வெளி விளிம்பு உயர்ந்தும் உள்விளிம்பு தாழ்ந்தும் இருக்கும்படி இழைப்புளியால் சரித்துவிட வேண்டும். துணி வெளி விளிம்பை மட்டும் தொட்டு, மற்ற இடமெல்லாம் அந்தரத்தில் நிற்க வேண்டும். இந்தச் சரிவை மறந்த சட்டங்கள் தம்மைத்தாமே காட்டிக்கொடுக்கும். துணி கட்டையில் உரசி உரசி, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓவியத்தின் நான்கு விளிம்புக்கும் இணையாக மெல்லிய விரிசல் கோடு தோன்றும். அருங்காட்சியகங்களில் பழைய உருவப்படங்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். பிரபுவின் மூக்கைப் பார்க்க வந்த கூட்டத்தில் இந்தக் கோட்டைத் தேடுகிறவர் ஒருவர் இருந்தால், அவர் நம் துறையைச் சேர்ந்தவர்.

கூட்டிய சட்டத்தின் மூலைகள் செங்கோணமா என்று பார்க்க மூலைமட்டத்தை நம்புவதைவிட மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளப்பது மேல். இரண்டும் சமமாக இருந்தால் போதும். துணியை அடிப்பதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு பக்கத்தின் நடுவில், அடுத்து அதன் எதிர்ப்பக்க நடுவில், பிறகு மற்ற இரண்டு நடுக்களில். அப்புறம் அங்கிருந்து மூலைகளை நோக்கி. ஆணிக்கு ஆணி துணி இழுபட்டு, நெசவில் அலை அலையாக வளைவு விழும். இந்த வளைவு பசையோடு அப்படியே உறைந்துவிடும் என்பதால், ஓரத்தில் அது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை யாரோ வெட்டியிருக்கிறார்களா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள் நிஜமான அறிஞர்கள். அவர்களே ஆணி இழுத்த அலையை எண்ணிக்கொண்டிருக்கும்போது போலி அறிஞனுக்கு என்ன வெட்கம்?

ஆப்பைக் கையாள்வோரை மூன்று பிரிவாகப் பிரிக்கலாம். தட்டுவோர், தட்டாதோர், தட்டிவிட்டு நானில்லை என்போர். முதல் பிரிவினர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள். மழைக்காலத்தில் துணி தொய்ந்திருப்பது இவர்கள் கண்ணைத்தான் முதலில் உறுத்தும். சுத்தியல் எடுத்து, எட்டு ஆப்பையும் ஆளுக்கு இரண்டு தட்டுத் தட்டி, விரலால் சுண்டி ஓசை பார்த்துத் திருப்தியோடு மாட்டுவார்கள். பிறகு சித்திரை வரும். காற்று வறண்டு, ஏற்கனவே இழுத்த துணி இன்னும் இழுத்துக்கொள்ளும். துணி வளைந்துகொடுக்கும், வயதான எண்ணெய் வண்ணம் கொடுக்காது. மூலைகளிலிருந்து விரிசல் புறப்படும். அப்போது ஆப்பைப் பிடுங்கியும் பயனில்லை. வெடித்த வண்ணம் திரும்ப ஒட்டாது. இவ்விடத்தில் முதல் பிரிவினர் மூன்றாம் பிரிவுக்கு மாறுவது இத்துறையில் பலமுறை கவனிக்கப்பட்ட நிகழ்வு.

மர ஆப்பின் மீது அதிருப்தி கொண்ட மாற்றுமரபும் உண்டு. ஆரன் டிரேப்பர் ஷாட்டக் என்ற அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் 1880களில் உலோக ஆப்பு ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஓவியத்தையே விட்டுவிட்டு கனெக்டிகட்டில் தம் பண்ணையோடு இருந்துவிட்டார். ஆப்பின் சுவை கண்டவருக்கு ஓவியம் எம்மாத்திரம்!

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஆம்ஸ்டர்டாமில் நேர்ந்தது. ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ 1975இல் மாட்டப்பட்ட மரச் சட்டத்தில் இருந்தது. அருங்காட்சியகப் புதுப்பிப்பின்போது வேறு கூடத்தில் இருந்த காலத்தில் அதன் இடப்பக்க மேல்மூலையில் அலைகள் விழுந்துவிட்டன. 2022 ஜனவரியில் துணியைக் கழற்றி, காற்றின் ஈரத்தைச் சட்டை செய்யாத அலுமினியச் சட்டத்தில் மாட்டினார்கள். ஓவியத்துக்கு நன்மையே. ஆனால் தட்டுவதற்கு ஒன்றுமில்லாத சட்டத்தின் முன்னால் ஓர் ஓய்வுபெற்ற பொறியாளர் என்னதான் செய்வார் என்பதை அருங்காட்சியகம் யோசித்ததாகத் தெரியவில்லை. உலோகமும் சாது என்று நினைத்துவிடக் கூடாது. 1992இல் லூவரில் வெரோனீஸின் ‘கானாவூர்த் திருமணம்’ மேலே தூக்கப்பட்டபோது சரிந்து விழுந்தது; உலோகத் தாங்கிகள் துணியை ஐந்து இடத்தில் கிழித்தன.

மேலாய்வுக்குரிய களங்கள் பல. கடையில் வாங்கும் கேன்வாஸின் பின்னால் சிறு பிளாஸ்டிக் பையில் எட்டு ஆப்புகள் வரும். வாங்கியவர் அதை உதிரிக் குப்பை என்று எறிந்துவிடுவது ஒரு தலைப்பு. செருகிய ஆப்புகளில் சில ஆண்டுகளுக்குப் பின் ஒன்று மட்டும் காணாமல் போவது இன்னொன்று. இதற்குரிய விடை ஏற்கனவே கிடைத்துவிட்டது. மரம் வறண்டு இளகிய ஆப்பு உருவிக்கொண்டு, கீழ்க்கட்டைக்கும் துணிக்கும் நடுவே விழுந்து உட்கார்ந்திருக்கும். முன்பக்கத்தில் அடிவாரத்தில் ஒரு சிறு மேடு தெரிந்தால் அது ஓவியர் தீட்டிய குன்று அல்ல. மெல்லிய அட்டைத் துண்டைச் செருகி மெதுவாக நெம்பி எடுக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் கூடாது. எடுத்ததும் ஒவ்வோர் ஆப்பிலும் ஊசித்துளை போட்டு, மீன்பிடிக்கும் நைலான் நரம்பைக் கோத்துக் கட்டையோடு கட்டிவிட்டால் மறுபடி விழாது. நரம்பு மீட்டர் கணக்கில் கிடைக்கும். தூண்டில் கடையில் என்ன மீனுக்கு என்று கேட்பார்கள். வெள்ளைக் குதிரைக்கு என்று சொல்ல வேண்டாம்.