டாட் இன் வாங்கிய பெரிய மனுஷன்

எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் என் சத்தம்தான் கேட்கும். தாத்தாவோடு தறி போய்விட்டது. நான் அரசு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்தி ஓய்வு பெற்றவன். பாவு எது, ஊடை எது என்று யாராவது கேட்டால், நீளமாகப் போவது பாவு என்று சொல்லிவிட்டு அவசர வேலை இருப்பதாக நகர்ந்துவிடுவேன்.

பட்டுப்புடவை வியாபாரம் என் மனைவியுடையது. சேவூரில் அவள் தம்பி நெய்து கொடுப்பதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறாள். மாம்பலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் பெண்கள் விலை கேட்கிறார்கள். புடவை போகிறது, பணம் வருகிறது. இதில் என் பங்கு, பார்சலுக்கு டேப் ஒட்டும்போது முனையை அழுத்திப் பிடித்துக்கொள்வது.

இப்படி ஒரு பதவியில் எத்தனை நாள் இருக்க முடியும்? வியாபாரத்துக்கு ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

"டாட் காம் எதுக்குப்பா? நாம விக்கிறதே இங்கதானே, டாட் இன் வாங்குங்க" என்றான் பெங்களூரில் இருக்கும் மகன். நாட்டுப்பற்று சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டதால் வரலாறு படிக்கத் தொடங்கினேன். வேலை தொடங்காமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1989-லேயே இந்தியாவுக்கு டாட் இன் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஏகப்பட்ட கட்டுப்பாடு. 2004 வரை மொத்தமே சுமார் ஏழாயிரம் பெயர்கள்தான் பதிவாயின. 2005-ல் நிக்ஸி என்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் கைக்கு வந்த பிறகுதான் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். அன்றைக்கே போய் நின்றிருந்தால் ஊர்ப் பேரையே வளைத்துப் போட்டிருக்கலாம். அன்றைக்கு நான் ஆபீசில் டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பேர் தேட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் ஊரான ஆரணியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் ஊருக்கே ஒரு முடிவு கிடையாது. ஒரு கடை போர்டில் நான்கு எழுத்து, அடுத்த கடையில் ஐந்து, நியூமராலஜி பார்த்தவர் கடையில் ஆரம்பமே இரண்டு 'ஏ'. 'பட்டு'வில் ஒரு 'டி'யா, இரண்டா? நடுவில் கோடு வேண்டுமா? எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் பன்னிரண்டு வருகிறது. போதாக்குறைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஆரணி இருக்கிறது, பக்கத்தில் ஓடுகிற ஆற்றுக்கே ஆரணியாறு என்று பேர். மகாராஷ்டிரத்தில் யவத்மால் பக்கம் ஓர் ஆர்ணி. புடவை அளவில் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. டொமைன் பதிகிற இடத்தில் அதெல்லாம் செல்லாது, முந்தி வந்தவனுக்கே முந்தி.

கடைசியில் முருகன் துணையில் தொடங்கி, என் இனிஷியல், ஊர், பட்டு, 'அசல்', 'கைத்தறி' எல்லாம் கோத்து ஒரு பேர் தயாரித்தேன். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது திரை. அறுபத்து மூவரை நினைத்து வைத்த கணக்கோ என்னவோ. முருகனை எடுத்தேன், அசலை எடுத்தேன். இனிஷியலை மட்டும் எடுக்கவில்லை.

"உங்க இனிஷியலைத் தேடியா புடவை வாங்க வர்றாங்க?" என்றாள் மனைவி.

பணம் கட்டுகிற பக்கம் வந்தது. டொமைன் வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்கிறோமே தவிர, அங்கே விற்பனை என்பதே கிடையாது. ஓராண்டிலிருந்து அதிகபட்சம் பத்தாண்டு வரை வாடகைதான். முதல் வருஷ வாடகை கொட்டை எழுத்தில் இருந்தது, இரண்டாம் வருஷத்தது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால் தெரிகிற எழுத்தில். கூடவே மெயில் வேண்டாமா, பாதுகாப்பு வேண்டாமா என்று நான் கேட்காததெல்லாம் கூடையில் விழுந்தது. ஓடிபி வந்தது, மனைவியின் போனுக்கு. அவள் அந்த நேரம் ஒரு ராமர் பச்சையின் விலையில் மும்முரமாக இருந்தாள். பேரம் படிந்தது, ஓடிபி காலாவதியானது.

தமிழிலேயே ஒரு பேர் வாங்கினால் என்ன என்ற ஆசையும் வந்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று மூன்று நாடுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே முகவரி இருக்கிறது: புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர். மார்தட்டிக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் உள்ளே ஓடுகிற முகவரி அமைப்புக்குத் தமிழ் தெரியாது. 'இந்தியா' என்று நாம் அடித்தால் அது எக்ஸ், என், இரண்டு கோடு, எக்ஸ், கே, சி, 2, டி, எல், 3, ஏ, 5, ஈ, ஈ, 0, ஹெச் என்று மாற்றி எடுத்துக்கொள்ளும். மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இந்தியாவுக்கே இந்த கதின்னா உங்க பேர் என்னாகும்?" என்றாள். டாட் இன்னே போதும் என்று விட்டுவிட்டேன்.

புள்ளிக்குப் பின்னால் நாட்டுப் பேர் இருந்தால் ஆள் அந்த நாட்டில்தான் இருப்பான் என்றும் நம்பக்கூடாதாம். டாட் டிவி என்பது டெலிவிஷன் இல்லை, பசிபிக்கில் சுமார் பத்தாயிரம் பேர் மட்டும் வாழும் துவாலு. அந்த எழுத்தைக் குத்தகைக்கு விட்ட காசில்தான் 2000-ல் ஐ.நா. சபையில் சேர்ந்தார்கள். டாட் ஏஐ என்பது கரீபியனில் அங்குவிலா என்ற குட்டித் தீவு. செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் முட்டி மோதியதில் 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர், அதாவது அரசாங்க வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆரணி ரோடு என்று போர்டு மாட்டிய ரயில்வே ஸ்டேஷனே களம்பூரில்தானே இருக்கிறது.

பேர் வந்தாயிற்று, உள்ளே வைக்க ஏதாவது வேண்டும். படம் எடுத்துக்கொள்ளச் சேவூர் போனேன். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, நாடாவைக் கையில் பிடித்து, தலைமுறை தலைமுறையாக நெய்கிறவன் முகத்தை வரவழைத்தேன். மச்சான் பக்கத்தில் பதறிக்கொண்டு நின்றான். "மாமா, மிதியில கால வெக்காதீங்க, இழை அறுந்துடும்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான்கைந்து இழை அறுந்துவிட்டது. படத்தில் நான் சிரிக்கிறேன். பின்னால் குனிந்து இழையைப் பிணைத்துக்கொண்டிருக்கும் அவன் முதுகு தெரியும்.

பதிவு முடிந்த கையோடு, "சார், வெப்சைட் டிசைன் பண்ணணுமா?" என்று போன் வர ஆரம்பித்தது. என்னை 'சார்' என்று கூப்பிட ஆள் கிடைத்ததில் எல்லோரிடமும் பொறுமையாகப் பேசினேன்.

இந்த டொமைன் படிப்பு ஒரே ஓர் இடத்தில் உதவியது. பாங்க் முகவரி மாறியிருக்கிறதே, திருட்டு சைட்டோ என்று மனைவி பயந்தாள். 2025 அக்டோபர் 31-க்குள் பாங்குகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் பாங்க் உத்தரவு, வேறு யாருக்கும் அதைக் கொடுக்கமாட்டார்கள் என்றேன். முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கிற பேரை வலது கோடியிலிருந்து படி, கடைசியில் இருப்பதுதான் நிஜ முதலாளி, முன்னால் என்ன பேர் வேண்டுமானாலும் ஒட்டவைக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஏற இறங்கப் பார்த்தாள். மெச்சினாள் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் வாங்குவதானால் வாங்குங்கள். ஆனால் டிசைன் செய்கிற பையன் பேரில் பதிய விடாதீர்கள். பேர், போன், மெயில் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். நாளைக்கு அவன் துபாய் போய்விட்டால் உங்கள் கடைப் பேரும் கூடவே விமானம் ஏறிவிடும். புதுப்பிக்கும் தேதியைத் தினசரிக் காலண்டரில் எழுதி வையுங்கள். தவறினால் மீட்டுக்கொள்ள 30 நாள் கொடுப்பார்கள், கட்டணத்தைத் தனியாகத் தீட்டிவிடுவார்கள். புடவை வேண்டுமென்றால் என் மனைவிக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள். சைட்டுக்குப் போகவேண்டாம், அங்கே நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.