ஸ்டாம்ப் சித்தப்பா

கல்யாணப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் நான் முதலில் பார்ப்பது பக்கத்து இலைக்காரர் யார் என்பதைத்தான். அது ஸ்டாம்ப் சித்தப்பாவாக இருந்தால், கைக்குட்டையை மேலே மறந்து வைத்துவிட்டேன் என்று எழுந்து அடுத்த பந்திக்குப் போய்விடுவேன். போன மாதம் தப்ப முடியவில்லை. எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தவரே அவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு மட்டும் வாய்த்த சித்தப்பா என்று நினைக்காதீர்கள். சில வீடுகளில் அவர் மாமா, சில அலுவலகங்களில் ரிட்டயராகப் போகிற ஹெட் கிளார்க். அடையாளம் ஒன்றுதான். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சின்ன இடுக்கி இருக்கும். தபால்தலையை விரலால் தொடுவது அவர் கணக்கில் பாவம்.

உருளைக்கிழங்கு காரக்கறி வந்தது.

“இது என்ன சொல்லு?”

“உருளைக்கிழங்கு, சித்தப்பா.”

“பசை!” என்றார். எதிர் வரிசையில் இரண்டு பேர் கறியை விரலால் தள்ளிப் பார்த்தார்கள்.

1840 மே 1-ஆம் தேதி இங்கிலாந்தில் வெளியான ‘பென்னி பிளாக்’தான் உலகத்தின் முதல் ஒட்டும் தபால்தலை. முன்னால் விக்டோரியா ராணியின் தலை. பின்னால் உருளைக்கிழங்கு மாவு, கோதுமை மாவு, வேலம் பிசின் சேர்த்துக் காய்ச்சிய பசை. “பொறந்த அன்னைக்கே அது பாதி சாப்பாடுடா” என்று அவர் முடித்தபோது சாம்பார் வாளி எங்களைத் தாண்டி நாலு இலை போயிருந்தது. நெய் போனதை நான் பார்க்கக்கூட இல்லை.

அவரிடம் எந்தப் பதார்த்தமும் பதார்த்தமாகப் போய்ச் சேராது. வீட்டில் ராத்திரி சப்பாத்தி போட்டால், 1968 ஜூலையில் வந்த கோதுமைப் புரட்சி தபால்தலை, விலை 20 பைசா என்பார். “மாவு பிசையற புரட்சியை யாராவது வந்து பண்ணா தேவல” என்பாள் சித்தி. வாழைப்பழத்தை உரித்தால் டோங்கா தீவு வந்துவிடும். 1969-இல் அந்த நாடு வாழைப்பழ வடிவத்திலேயே தபால்தலை வெட்டி விட்டதாம். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்த என்னைப் பார்க்க வந்தார். மற்றவர்கள் ரொட்டி வாங்கி வருவார்கள். இவர் ரொட்டியைப் பற்றிய செய்தியை வாங்கி வந்தார். பிரான்சில் 2024 மே மாதம் அவர்களுடைய நீள ரொட்டிக்குத் தபால்தலை போட்டிருக்கிறார்களாம். சுரண்டினால் பேக்கரி வாசனை வருமாம். மொத்தம் 5,94,000 பிரதிகள். எனக்கு வாய் கசந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு ரொட்டி கிடைத்திருந்தால் போதும்.

பந்திக்கு வருவோம். அவருக்கு இடப்பக்கம் மாப்பிள்ளையின் பெரியதாத்தா. வெங்காயம், பூண்டுகூடத் தொடாதவர். ரசத்தின்போது, அவரிடம் பேசாமல் இருப்பது மரியாதை இல்லை என்று சித்தப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“சீனாக்காரன் 2007-ல ஒரு ஸ்டாம்ப் போட்டான் பாருங்கோ. அவாளுக்கு அது பன்றி வருஷம். முன்பக்கம் சுரண்டினா வாசனை. பின்பக்கம் நக்கினா டேஸ்ட்.”

“என்ன டேஸ்ட்?” பெரியவருக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் உரக்கவே கேட்டார்.

“பன்றிக்கறி! புளிப்பும் இனிப்புமா!” அவரும் உரக்கவே சொன்னார்.

பெரியவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாயசத்துக்கு முன்பே இலையை மூடியவரை அந்த மண்டபத்தில் அன்றுதான் பார்த்தார்கள். சமையல்காரர் ஓடிவந்து, ரசத்தில் உப்பு தூக்கலா என்று விசாரித்தார். சம்பந்தி வீட்டாரைச் சமாதானம் செய்யச் சித்தி போனாள். சித்தப்பா எதையும் கவனிக்காமல் ஜவ்வரிசிப் பாயசத்திலிருந்து சாக்லேட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தார்.

பெல்ஜியம் 2013-இல் ஐந்து சாக்லேட் தபால்தலைகள் வெளியிட்டது. மையில் சாக்லேட் வாசனை, பசையில் சாக்லேட் ருசி. இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். குலதெய்வத்தைப் பற்றிப் பேசுகிற குரல். அந்த ஐந்தும் அவரிடம் இருக்கின்றன.

“எப்படி இருந்தது சித்தப்பா, ருசி?”

என்னை அவர் பார்த்த பார்வை! பசை கலையாத தபால்தலைக்குத்தான் மதிப்பு. நாக்கு பட்டால் போச்சு. அப்படியானால் அந்தச் சாக்லேட்டைப் பூசியவர்கள் யாரை நம்பிப் பூசினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். மிச்சம் இருப்பவர்கள் இவரைப் போன்றவர்கள். தலைகீழாக நின்றாலும் நக்கமாட்டார்கள்.

நக்குவது இருக்கட்டும், ஒட்டவே மாட்டார். 2017 நவம்பரில் இந்திய அஞ்சல்துறை நம் நாட்டுச் சாப்பாட்டுக்கு 24 தபால்தலைகள் வெளியிட்டது. ஒவ்வொன்றும் 5 ரூபாய். பிரியாணிக்கு ஐதராபாத் ஒன்று, லக்னோ ஒன்று என இரண்டு தலை. இட்லிக்கும் தோசைக்கும் சேர்த்து ஒரே தலை. சித்தப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. இரண்டும் ஒரே மாவு என்பதற்காக ஒரே தலையா, அண்ணன் தம்பிக்கு ஒரே ரேஷன் கார்டு கொடுப்பாயா என்று நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதி முடித்ததும்தான் சிக்கல் புரிந்தது. அனுப்ப வேண்டுமென்றால் தபால்தலை ஒட்டியாக வேண்டும். ஆல்பத்தை இரண்டு முறை புரட்டினார். எதையும் பிரிய மனம் வரவில்லை. கடைசியில், அஞ்சல்துறைக்கு எழுதிய அந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்பினார்.

இலையை மடக்கிக் கை கழுவிக்கொண்டு வந்தோம். அவர் இலையில் பாயசம் ஏடு கட்டி அப்படியே இருந்தது. அப்பளம் நமுத்துப் போயிருந்தது. உலகத்துச் சாப்பாட்டையெல்லாம் தேதி, விலையோடு சொல்லக்கூடிய மனிதர், ஒரு வாய் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வெளியே எல்லோரும் காபிக்கு நிற்க, என்னைத் தூணோரமாக இழுத்துப் போனார்.

அந்த நிமிஷம் வரும் என்று எனக்குத் தெரியும். கைப்பையிலிருந்து உறை, உறைக்குள் இன்னோர் உறை, அதற்குள் இடுக்கியால் பிடித்து எடுத்த காபித் தபால்தலை. 2017 ஏப்ரல் 23, பெங்களூரில் வெளியீடு, விலை 100 ரூபாய். காபி வாசனையோடு அச்சிட்டது. மூக்குக்கு எதிரே ஓரங்குல தூரத்தில் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தார்.

“வருதா?”

முகர்ந்தேன். அவர் பீரோவில் சித்தியின் பட்டுப்புடவைக்கு நடுவேதான் ஆல்பம் இருக்கிறது. அந்துருண்டை வாசனை வந்தது. நன்றாகவே வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

“வருது சித்தப்பா. டிகிரி காபி.”

“சிக்கரி கலக்காதது” என்று திருத்தினார். முகம் மலர்ந்து போயிற்று. பந்தி முழுக்க அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

உங்களிடமும் ஒருநாள் யாராவது இடுக்கியில் பிடித்த தபால்தலையோடு வருவார். தயவுசெய்து, வாசனை வருகிறது என்றே சொல்லிவிடுங்கள்.