கரண்ட் வைக்காமல் கிளினிக் நடத்துவது எப்படி?

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எவருக்கும் ஒரு நாள் சொந்தமாக ரீஹாப் சென்டர் தொடங்கும் ஆசை வந்தே தீரும். பெரும்பாலும் அது சம்பள நாளன்று வரும். நாலரை வருடம் பி.ஓ.டி. படித்துவிட்டு, ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஆசை நியாயமானதுதான். தள்ளிப்போட வேண்டாம். கீழே சொல்லியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.

முதலில் இடம். திருச்சி என்றால் தில்லைநகரில் தேடத் தொடங்க வேண்டும். அங்கே டாக்டர் இல்லாத தெரு இல்லை, ஆகவே பேஷண்ட் இல்லாத தெருவும் இல்லை. வாடகையைக் கேட்டபின் மெதுவாக உறையூர்ப் பக்கம் நகரலாம். வீடு பார்க்கும்போது வாஸ்துவை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள். ஹாலில் ஊஞ்சல் கொக்கி உள்ள பழைய வீடு கிடைத்தால் விடாதீர்கள். குழந்தைகளுக்கான சென்ஸரி இன்டக்ரேஷன் சிகிச்சைக்கு ஊஞ்சல்தான் உயிர். ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதைப் பற்றிப் புத்தகம் எழுதியது 1972இல். நம் வீடுகளில் அதற்கு முன்பே கொக்கி தயாராக இருந்தது. கொக்கி இல்லையென்றால் கான்கிரீட்டில் துளை போட ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டும். தெரபிக்கு என்று சொல்லாதீர்கள். தொட்டில் கட்ட என்று சொல்லுங்கள். அட்வான்ஸைக்கூடக் குறைப்பார்.

காகித வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவு செய்யும் சட்டம் 1997இல் வந்தது, அதற்கான விதிகள் 2018இல் வந்தன. உங்கள் ஃபைலும் ஏறக்குறைய அந்த வேகத்தில் நகரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கமலா நிம்ப்கர் மும்பையில் இந்தியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கியது 1950இல். இந்தத் தொழிலையும் சேர்த்து ஒரு தேசிய ஆணையம் அமைக்கச் சட்டம் நிறைவேறியது 2021இல். எழுபத்தோரு வருடம் காத்திருந்த கூட்டம், ஒரு சீலுக்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம்.

இனி பேஷண்ட். முதலில் வருகிறவர் பக்கவாதம் வந்தவராகத்தான் இருப்பார். உங்களிடம் வருமுன் நியூரோ டாக்டரைப் பார்த்து, எண்ணெய் தேய்த்து, யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தமும் தடவியிருப்பார். விழுந்த கையில் மஞ்சள் நிற ஸ்மைலி பந்து இருக்கும். வீட்டில் கப்பியும் கயிறும் தொங்கும். இறுகிக்கொண்டிருக்கும் விரல்களை இன்னும் இறுக்க அந்தப் பந்தும், இல்லாத தோள்வலியை வரவழைக்க அந்தக் கப்பியும் போதும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வந்தவுடன் பிடுங்கிவிடாதீர்கள். துபாயில் இருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய பந்து அது.

அப்புறம் அந்தக் கேள்வி வரும்: “கரண்ட் வைக்க மாட்டீங்களா?”

நம் மக்களுக்கு வைத்தியம் என்றால் ஊசி, அது இல்லாவிட்டால் கரண்ட். நீங்களோ அரை மணி நேரம் ஒருவரைச் சட்டைப் பட்டன் போடவைத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்கப் போகிறீர்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஏதாவது ஒரு மெஷின் நிற்க வேண்டும். செகண்ட் ஹாண்டில் ஒன்று வாங்கிப் போடுங்கள். பச்சை விளக்கு எரிந்து, ‘பீப்’ என்று சத்தம் வந்தால் போதும். யாருக்கும் வைக்க வேண்டாம். கேட்கிறவர்களிடம், “உங்களுக்கு இப்போ அது தேவைப்படலை” என்று சொல்லுங்கள். கேட்டவர் முகத்தில் ஒரு பெருமிதம் வரும்.

உங்கள் போட்டியாளர் யார் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த தெரு பிசியோ என்று நினைத்து அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். போட்டியாளர், பேஷண்ட்டின் மனைவி. முப்பத்தைந்து வருடமாக அந்த மனிதர் சமையலறைக்குள் போய் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்ததில்லை. இன்று நீங்கள் வந்து, “ஐயாவே சாப்பிடட்டும்மா” என்கிறீர்கள். பார்தெல் இண்டெக்ஸ் என்று ஒரு அளவுகோல் உண்டு. 1965இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படியேறுவது என்று பத்து விஷயம், மொத்தம் 100 மார்க். யார் உதவியும் இல்லாமல் செய்தால்தான் முழு மார்க். கறாராகப் போட்டால், நம் ஊரில் கல்யாணமான ஆண்கள் பலர் பக்கவாதம் வருவதற்கு முன்பே நூறு வாங்கியிருக்க மாட்டார்கள்.

விழுந்தது வலது கையாக இருந்துவிட்டால் இன்னொரு சிக்கல். “சோத்துக்கை போயிடுச்சு தம்பி. பீச்சாங்கையால எப்படி சாப்பிடுவாரு? பார்க்கவே சங்கடமா இருக்கு” என்று அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். நீங்கள் ஸ்பூன் காம்பில் சைக்கிள் டியூப் சுற்றி, தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்து, எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதே உள்ளே ஊட்டல் தொடங்கியிருக்கும். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊட்டினால் பத்து நிமிடம், அவரே சாப்பிட்டால் முக்கால் மணி. சட்டையெல்லாம் ரசம். துவைப்பதும் அந்த அம்மாதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கியிருக்கவும் மாட்டார். ஆகவே பகல் பன்னிரண்டு மணிக்கு அவரைச் சமயபுரத்துக்கு அனுப்புங்கள். ஐயாவுக்காக ஒரு வேண்டுதல் என்று சொன்னால் மறுக்க மாட்டார். கோவில் கூட்டத்தில் சிக்கித் திரும்ப எப்படியும் மூன்று மணியாகும். மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, தயிர்சாதத்தையும் ஸ்பூனையும் ஐயாவின் இடது பக்கம் வைத்துவிட்டுப் பேப்பர் படியுங்கள்.

உடுத்துவதில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். வெளிநாட்டுப் பாடப் புத்தகத்தில் ஜிப், பெல்ட், சாக்ஸ் என்று பக்கம் பக்கமாகப் போகும். இங்கே, வேட்டி கட்டத் தெரியாத மாப்பிள்ளைகளை நம்பித் தயாரித்த ஒட்டிக்கோ வேட்டி ஜவுளிக் கடையிலேயே கிடைக்கிறது. ஒரு கையால் கட்டலாம், அவிழாது. சட்டைக்கு மட்டும் பழைய விதி: போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

வீட்டை மாற்றச் சொல்வதில் அவசரம் கூடாது. வீல்சேர் ஏறும் சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ரோடு போடப் போட வீடு பள்ளமாகிவிடும் என்று பயந்து வாசலை மூன்றடி தூக்கிக் கட்டுவது நம் வழக்கம். கணக்குப் போட்டால் 36 அடி. சாய்தளம் எதிர்வீட்டு ஹாலில் போய் இறங்கும். பாத்ரூமில் கைப்பிடி வைக்கச் சொன்னால், டைல்ஸ் உடையும் என்பார்கள். கடைசியில் வைத்துவிட்டோம் என்று போட்டோ அனுப்புவார்கள். அது துண்டு போடுகிற கம்பியாக இருக்கும். நேரில் போய் நீங்களே ஒரு முறை தொங்கிப் பாருங்கள்.

வீல்சேர் என்ற பேச்சை எடுத்ததுமே அழுகை தொடங்கினால் வேலூர்க் கதையைச் சொல்லலாம். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தவர். அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். சி.எம்.சி.யில் மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பியவரும் அவர்தான். கதையைக் கேட்டுவிட்டு, “அவங்க டாக்டரு, அவங்களுக்கு முடியும்” என்பார்கள். பரவாயில்லை, அழுகை நின்றிருக்கும்.

கடைசியாகப் பணம். இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது படுத்தவருக்குத்தான். நிமிர்ந்து உட்கார்ந்து பட்டன் போடுகிறவருக்கு இல்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அரசே வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட்டை இலவசமாக அனுப்புகிறது. அப்புறம் உங்களுக்கு எதற்கு ஐந்நூறு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வியாபாரம் தெரிந்த நண்பர்கள், வந்த வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்ப வரவைக்க வேண்டும் என்று யோசனை சொல்வார்கள். உங்கள் தொழிலிலோ ஒழுங்காக வேலை செய்தால் அவர் வருவது நின்றுவிடும். எந்த பேங்க் மேனேஜரிடம் லோன் கேட்கும்போதும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆறாவது சிட்டிங்கில் ஐயா தானே குளித்து, வேட்டியை ஒட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வந்து நிற்பார். “இனிமே எதுக்குத் தம்பி வரணும்? மீதி நாலை என் மச்சினருக்கு மாத்திவிட்டுடுங்களேன். அவருக்குக் கழுத்து வலி.”

மாற்றிக்கொடுங்கள். கழுத்து வலிக்காரர்கள் நாலு சிட்டிங்கோடு நிற்பதில்லை.