அந்தச் சத்தம் எந்த டிபார்ட்மெண்ட்?

மற்ற ஊர்களில் காரில் சத்தம் வந்தால் மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும். ஓசூரில் அந்தச் சிரமம் இல்லை. வாசலில் நிறுத்திப் பானெட்டைத் தூக்கினால் போதும். காபி டம்ளரோடு நாலு பேர் வந்துவிடுவார்கள். 1970களில் சிப்காட் வந்த ஊர் இது. 1980இல் அசோக் லேலண்ட் இங்கே லாரி செய்யத் தொடங்கியது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட்டும் இங்கிருந்துதான் புறப்பட்டது. பின்னாலேயே இவற்றுக்கு நட்டும் போல்ட்டும் புஷ்ஷும் கியரும் செய்துகொடுக்கும் வெண்டர் கம்பெனிகள் வரிசை கட்டின. அதனால் எங்கள் தெருவில், வண்டியின் எந்தச் சாமானைச் சொன்னாலும் அதோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய ஒருவர் கிடைப்பார். முழு வண்டியோடு பழகியவர்தான் யாரும் இல்லை.

நான் இந்த ஊரில் சிறுபான்மை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். முன்சக்கர வேலைக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டு எடுத்தபோது நீட்டிய பில்லில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட் செட், லேபர் என்று வரிசையாக எழுதியிருந்தது. உட்கார்ந்து சரிபார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. கூட்டப்பட்டவை என்னென்ன என்பதுதான் விளங்கவில்லை.

போகும்போது காரில் ஒரு ‘கடக்’ இருந்தது. வேகத்தடை ஏறினால் மட்டும் வரும், மற்ற நேரத்தில் தன் பாட்டுக்கு இருக்கும். திரும்பி வரும்போது ‘கடக்’ இல்லை. அந்த இடத்தில் ‘க்ரிச்... க்ரிச்... க்ரிச்’ என்று விடாமல் ஒன்று. முதலில் கேட்டது நான் அல்ல, பக்கத்தில் இருந்த மனைவி. “ஏங்க, பழைய சத்தத்தக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டு வந்திருக்கீங்க போல. எக்ஸ்சேஞ்சுல மேல எவ்வளவு கட்டுனீங்க?” என்றாள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். “புது பார்ட்ஸ் சார். நாலு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்.” எங்கள் ஊரைச் சுற்றி மூன்று மாநிலம், மூன்று மொழி. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று மாநில மெக்கானிக்குகளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எது எதோடு செட் ஆகும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் நம் காது சத்தத்தோடு செட் ஆகிவிடுகிறது. மெக்கானிக் வாக்கும் பலித்துவிடுகிறது.

என் காது ஒத்துழைத்தது. மனைவியின் காது ஒத்துழைக்கவில்லை. ஆகவே பானெட்டைத் தூக்கினேன்.

வந்தவர்கள் முதலில் கேட்டது, “எப்படி சார் சத்தம்?” அமெரிக்க வானொலியில் ‘கார் டாக்’ என்று ஒரு நிகழ்ச்சி 1987 முதல் 2012 வரை நாடு முழுக்க ஒலிபரப்பானது. டாம், ரே மாக்லியோசி என்று இரண்டு சகோதரர்கள். எம்ஐடியில் படித்துவிட்டு மெக்கானிக் கடை வைத்தவர்கள். கார்க்காரர்கள் போனில் கூப்பிட்டு, தங்கள் வண்டி போடும் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். அங்கே போனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்ததை நான் நடுத்தெருவில் நின்று செய்தேன். எதிர்வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது.

லாரி கம்பெனி அண்ணன்தான் முதலில் தீர்ப்புச் சொன்னார். “இதெல்லாம் ஒரு சத்தமா? லாரியில சத்தம் நின்னாத்தான் பயப்படணும்.” ஆனால் போகிற போக்கில் அவர் செய்த காரியத்தை மறக்கக் கூடாது. வீல் ஸ்பேனரை எடுத்து, நாலு சக்கரத்து நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், நூறு கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி பார்க்க வேண்டும். ‘டக் டக்’ என்ற சத்தத்தோடு ஸ்டியரிங்கும் ஆடினால், வீடு வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரம் கட்ட வேண்டும். என் நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. சத்தமும்தான்.

அடுத்தவர் டூல்ரூம்காரர். கையில் ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவர். அதன் நுனியை ஓடும் இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினார். உள்ளே நடப்பதெல்லாம் இரும்பு வழியே காதுக்கு வந்துவிடும். ஸ்டெதஸ்கோப் வேலையைச் செய்யும் பழைய முறை. “இன்ஜின் ஜம்முனு இருக்கு சார்” என்றார். இன்ஜினில் சத்தம் என்று நான் சொல்லவே இல்லை. நானும் வாங்கி வைத்துக் கேட்டேன். உள்ளே ‘டிக்கிட டிக்கிட’ என்று பெரிய கலவரம். கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினேன். “அது நல்ல சத்தம் சார்” என்று ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டார்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனித் தம்பி பானெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “வித்துட்டு எலெக்ட்ரிக் வாங்கிடுங்க சார். சத்தமே இருக்காது.” ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் அந்தத் தொழிற்சாலைகள் வந்த பிறகு இப்படி ஒரு தலைமுறை கிளம்பியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து புது எலெக்ட்ரிக் கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்பியே ஆக வேண்டும், நடந்து போகிறவருக்குக் காதில் விழ வேண்டும் என்று சட்டம். அங்கே சட்டம் போட்டு வரவழைப்பது எனக்குப் பில்லோடு இலவசமாக வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். தம்பி சிரிக்கவில்லை.

பிறகு வந்தார் வெண்டர் கம்பெனி குவாலிட்டிக்காரர். இந்த ஊர் மொபெட் கம்பெனி 2002இல் ஜப்பானின் டெமிங் விருது வாங்கிய நாளிலிருந்து, சாமான் சப்ளை செய்கிற கம்பெனிகளில் எல்லாம் ஜப்பானிய முறை ஊறிப்போயிருக்கிறது. அவர் என் மனைவியிடம் கோலமாவு கேட்டு வாங்கி, கோலத்துக்குப் பக்கத்தில் பழுதின் காரணம் தேடும் இஷிகாவா படம் போட்டார். நடுவில் முதுகெலும்பு, இரண்டு பக்கமும் முட்கள். மனிதர், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்று முள்ளுக்கு ஒரு தலைப்பு. அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் தளிகைக்கு அரிசி வாங்க வந்த பக்கத்துத் தெரு மாமி, வாசலில் மீன் முள்ளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

அடுத்தது ‘ஐந்து ஏன்’. டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த முறை. பழுதின் வேர் கிடைக்கும் வரை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

“புதுச் சத்தம் ஏன் சார்?”

“ஒர்க்‌ஷாப் வேலைக்கு அப்புறம்தான்.”

“வேலை ஏன்?”

“லிங்க் ராடும் புஷ்ஷும் தேஞ்சுபோச்சாம்.”

“ஏன் தேஞ்சது?”

“வேகத்தடையில கொஞ்சம் வேகமா ஏத்திட்டேன்.”

“ஏன் வேகம்?”

“ஆபீசுக்கு நேரமாயிடுது.”

“ஏன் நேரமாகுது?”

பதில் சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது. “மூக்குக் கண்ணாடிய எங்க வெச்சோம்னு தெனம் அரை மணி நேரம் தேடுவாருங்க.”

“ரூட் காஸ் கெடச்சாச்சு” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று எல்லோரும் ஏறினார்கள். சின்னக் கார், கியர் போடவே பின்சீட்டில் ஒருவர் முழங்காலை நகர்த்த வேண்டியிருந்தது. ராயக்கோட்டை ரோடு வரை போய் வந்தோம். சத்தம் கேட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. அது வழக்கம்போல் வந்திருக்க வேண்டும். ஆனால் நாலு டிபார்ட்மெண்டும் ஒரே நேரத்தில் விளக்கம் கொடுத்ததில் அதன் குரல் எடுபடவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் வாயே திறக்காமல் நின்றவர் ஒருவர் உண்டு. கடிகாரக்காரர். டாடாவும் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணி எண்ணித்தான் முள் ஒரு அடி வைக்கும். அந்தப் பொறுமை அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. என் காதருகே வந்து, “நாளைக்கு விடியக்காலம், நாம ரெண்டு பேர் மட்டும்” என்றார்.

நெடுஞ்சாலை 44 பக்கம் போய்ப் பயனில்லை. கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் நடுவில் ஓடும் லாரிகளின் இரைச்சலில் சொந்த இன்ஜினே காதில் விழாது. மத்திகிரி பக்கம் போனோம். 1824இல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கி இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம் அங்கேதான். காலை வேளையில் மாடுகளைத் தவிர யாரும் பேசமாட்டார்கள்.

கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். காலியான ரோட்டில் ஓடும்போதே நியூட்ரலுக்கு மாற்றச் சொன்னார். இன்ஜின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. ஆக இன்ஜின் விடுதலை. பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னார். மாற்றமில்லை, ஆக பேட் விடுதலை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கொஞ்சம் ஒடித்தால் சத்தம் கூடியது, மறுபக்கம் ஒடித்தால் காணாமல் போனது. வேகத்தை 20இல் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். வினாடிக்கு மூன்று ‘க்ரிச்’.

“சக்கரத்தோட சுத்தளவு சுமார் 1.8 மீட்டர். இந்த வேகத்துல வினாடிக்கு மூணு சுத்து. சுத்துக்கு ஒரு சத்தம். சக்கரத்தோட சேந்து சுத்துற ஏதோ ஒண்ணு, சுத்தாத ஏதோ ஒண்ணத் தொடுது.”

எண்களோடு பிழைப்பவன் நான். அந்தக் கணக்கை நான் போடவில்லை என்பது கொஞ்சம் உறுத்தியது.

கடைசியாக ஒரு நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி, இடப்பக்கம் சுவர் இருக்கும்படி ஒருமுறை, வலப்பக்கம் இருக்கும்படி ஒருமுறை ஓட்டச் சொன்னார். சுவர், சக்கரத்தின் சத்தத்தை ஜன்னல் வழியே திருப்பி அனுப்பும். இடது பக்கம் ‘க்ரிச்’ பளிச்சென்று கேட்டது. வலது பக்கம் சுத்தமாக ஒன்றுமில்லை.

வரும் வழியில் ஒரு பஞ்சர் கடை. “ஏமி சார், காத்தா?” என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டபடி வந்த பையன், முன் இடது சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகரத் தகடு ஒன்று இருக்கிறது. சேறும் தண்ணீரும் அடிக்காமல் தடுப்பதற்கு. டிஸ்க்குக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆர்மைக் கழற்றி மாட்டும்போது எங்கோ இடித்து, அதன் ஓரம் உள்ளே வளைந்திருந்தது. பையன் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு நெம்பு நெம்பினான். முடிந்தது. 50 ரூபாய்.

வீட்டுக்கு வரும்போது கார் அமைதியாக இருந்தது. பெரிய சத்தம் சின்னச் சத்தங்களை மூடி வைத்திருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது; டேஷ்போர்டில் ஒரு ‘லொட லொட’, டிக்கியில் ஜாக்கி உருளும் ‘டொக்கு’ எல்லாம் வெளியே வந்தன. 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம் ஒன்று, அறுபது மைல் வேகத்திலும் அந்தக் காருக்குள் பெரிதாகக் கேட்பது கடிகாரம்தான் என்று பெருமையடித்தது. அதைக் கடிகாரக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அந்தக் கடிகாரத்துல ஏதோ கோளாறு சார்” என்றார்.

தெருவில் யாருக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை. பஞ்சர் கடைப் பையன் எந்த டிபார்ட்மெண்டையும் சேர்ந்தவன் இல்லை. குவாலிட்டிக்காரர் மட்டும் நோட்டோடு வந்தார்.

“கரெக்டிவ் ஆக்‌ஷன் முடிஞ்சுது சார். பிரிவென்டிவ் ஆக்‌ஷன் எங்க? இல்லாம கம்ப்ளெயிண்ட்ட குளோஸ் பண்ண முடியாது.”

“தகடு இனிமே வளையாதுன்னு நான் எப்படிங்க எழுதித் தர்றது?”

“தகடு ரூட் காஸ் இல்ல சார்” என்று ஐந்தாவது ஏனைப் புரட்டிக் காட்டினார்.

மனைவி உள்ளே போய்ச் சுத்தியல் எடுத்து வந்து, கதவோரச் சுவரில் ஆணி அடித்து, என் மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். அவர் நோட்டில் ‘குளோஸ்டு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். என்னிடம் அல்ல, அவளிடம்.